முழங்கால்கள் காத்திருக்கட்டும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரையும் உட்காரவைத்துச் சொல்லி எழுதவில்லை, நானே எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. ஒன்று பூசணிக்காய் அளவு இருக்கும், அடுத்தது கடுகு அளவு இருக்கும். வரி தொடங்கிய உயரத்தில் முடியாது. நூல் பிடித்து நாற்பத்தைந்து வருஷம் சுவர் எழுப்பியவனுக்கு ஒரு வரியை நேராகக் கொண்டுபோக முடியவில்லை. மன்னித்துக்கொள். குழந்தைகளுக்குப் போடும் பச்சை ரப்பர் பிடியைப் பென்சிலில் மாட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். 'ழ' வரும் இடங்களில் மட்டும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

இங்கே உன் அம்மா நலம். மாப்பிள்ளை நலம். என் கோபமும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ "சரிப்பா, சரிப்பா, கிளாஸுக்கு டைமாச்சுப்பா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் அது மேஜைமேல் உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

உன் அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள். "எழுபத்தோரு வயசுல யாருக்கு லெட்டர்? கல்யாணமான புதுசுல எனக்கு ஒண்ணு போட்டிருக்கலாம்ல?" என்று கேட்டாள். அப்போது தெரியாது, இப்போது தெரியும், உனக்கு முடித்துவிட்டு அவளுக்கு ஒன்று போடுகிறேன் என்றேன். "வேணாம், கோபமா இருக்கறப்ப எழுதறது எனக்கு எதுக்கு" என்று போய்விட்டாள்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் அதற்கு இடம் இருக்காது.

நீ ஆறு மாதப் பயிற்சிக்குப் போகும்போது, உங்கள் பிசியோதெரபி கிளினிக்கைப் பெரிதாக்கும் கட்டட வேலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாய். மதியத்தில் ஆட்கள் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். எனக்குப் பகலில் தூக்கம் வராது. கைப் பயிற்சி அறையில் மின்விசிறி இருக்கிறதே என்று அங்கே போய் மூலையில் உட்காருவேன். பொத்தான் போடவும் கரண்டி பிடிக்கவும் பென்சில் பிடிக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் டீச்சர் ஒருநாள், "சும்மா உக்காந்திருக்கீங்களே பெரியவரே, இந்த மணலைக் கொஞ்சம் சலிச்சுக் குடுங்களேன்" என்றது. மணல் என்றால் எனக்குச் சொல்ல வேண்டுமா? பூச்சு மணலைவிட நைசாகச் சலித்துத் தட்டில் பரப்பிக் கொடுத்தேன். குழந்தைகள் அதில் விரலால் எழுத்துப் போட்டார்கள். சலித்தவன் கை சும்மா இருக்குமா? நானும் ஓரமாக ஒன்று போட்டேன். போட்டதை மேனேஜர் பார்த்துவிட்டாள்.

மேனேஜர் யாரென்று உனக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மா இடுப்பில் வந்தவள். இப்போது ஏழு வயது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கேட்டிலிருந்து தன்னுடைய பாய்வரை நாற்பத்திரண்டு எட்டு வைக்கிறாள். நடுவில் யாராவது கைகொடுக்கப் போனால், "நான் உங்களைக் கூப்பிட்டேனா?" என்று கேட்கிறாள். வாட்ச்மேனிலிருந்து மாப்பிள்ளைவரை எல்லோரையும் வேலை வாங்குவதால்தான் அந்தப் பெயர். அவள் என் தட்டைப் பார்த்து, "தாத்தா, இது என்ன எழுத்து?" என்றாள். அதுதான் தெரியவில்லை என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பரவால்ல, நானும் நடக்கத் தெரியாமத்தான் வந்தேன், உக்காருங்க" என்றாள். அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் குட்டி நாற்காலியில் முழங்காலைத் தாடைவரை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

சுவரில் நீ எழுதி ஒட்டியிருக்கும் அட்டைகள்தான் எனக்குப் பாடப் புத்தகம். பந்தைப் பிடி. மெதுவாக இறங்கு. இரண்டு கையாலும் தள்ளு. ஒவ்வோர் அட்டையையும் முடித்த அன்று அம்மாவிடம் வந்து சொல்வேன். "இரண்டு கையாலும் தள்ளு"வுக்கு ஒன்பது நாள் ஆனது. அதைப் படித்து முடித்த அன்று தெருவில் இருந்த எல்லாக் கடைப் பலகையையும் படித்துக்கொண்டே வீடு வந்தேன். பால்காரர் என்னிடம், "என்ன பெரியவரே, கடை வாங்கப் போறீங்களா?" என்று கேட்டார். இத்தனை வருஷம் அந்தத் தெருவில் நடந்திருக்கிறேன். அது இவ்வளவு வாயாடித் தெரு என்று தெரியாமல் போய்விட்டது.

சந்தோஷம் இவ்வளவுதான். இனிமேல் எழுதுவதை உட்கார்ந்து படி.

போன திங்கட்கிழமை மதியம் பெயர்ப் பலகைகள் வந்தன. பழுப்புத் தாள் சுற்றி ஏழு பலகை. பலகைக்காரர் அவற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். எனக்கு ஆசை தாங்கவில்லை. நான் கட்டிய கட்டடத்தின் பலகையை நானே படிக்கப் போகிறேன். தாளைப் பிரித்தேன். மேனேஜரும் வாக்கரோடு பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். 'வரவேற்பு' படித்தேன். 'கழிப்பறை' படித்தேன், அதில் அந்த எழுத்து வந்தும் படித்துவிட்டேன். மேனேஜர் கைதட்டினாள். நாலாவது பலகை பெரியது. 'மூட்டு வலி, இடுப்பு வலி: பெரியவர் பிரிவு. தரைத்தளம்.' ஐந்தாவதும் பெரியது. 'குழந்தைகள் பயிற்சிக் கூடம். முதல் மாடி.' பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி.

இரண்டு தடவை படித்தேன். புதிதாகக் கற்றவன், தப்பாகப் படித்திருப்பேன் என்று மேனேஜரைப் படிக்கச் சொன்னேன். அவள் மளமளவென்று படித்துவிட்டு, "முதல் மாடியா? எனக்கா?" என்றாள்.

பலகைக்காரர் மாற்றி எழுதிவிட்டார் என்று முடிவு கட்டினேன். அப்படியே பஸ் பிடித்து அவர் கடைக்குப் போய் நன்றாகத் திட்டினேன். "ஏய்யா, மேலே கீழே தெரியாதவன் எல்லாம் பலகை எழுத வந்தா இப்படித்தான்" என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். பாவம், பொறுமையான ஆள். "எனக்குக் குடுத்ததைத்தான் பெரியவரே எழுதுவேன். நானா எழுதினா எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் கையில் கொடுத்தார்.

மகளே, வேறு யார் எழுத்தாக இருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. நான் படித்துப் பழகியது ஒரே ஒருத்தி எழுத்துத்தான். நீட்டி இழுத்த வால், சுழிக்காமல் விட்ட கொம்பு, எல்லாம் அட்டையில் இருப்பதுபோலவே இருந்தன. 'குழந்தைகள் பயிற்சிக் கூடம், முதல் மாடி.' நீ எழுதியது.

பலகைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அவர் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை.

நேற்று அதற்குமேல் கை ஓடவில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப் பொழுது ஆகிறது. கோபம் வேகமாக வருகிறது, எழுத்து மெதுவாக வருகிறது. இதில் ஒரு நன்மை இருக்கிறது: திட்ட நினைத்த வார்த்தையைக் கூட்டி எழுதி முடிப்பதற்குள் அதில் பாதி வேண்டாம் என்று தோன்றிவிடுகிறது. மீதிப் பாதியைத்தான் நீ படிக்கிறாய்.

பலகையைப் பார்த்த மறுநாளே மாப்பிள்ளையிடம் போனேன். அவரிடம் கோபப்படுவதில் உள்ள கஷ்டம் உனக்குத் தெரியாது. மரியாதை குறையாமல் கோபப்பட வேண்டும். வாயில் 'நீ' வரும்போதெல்லாம் விழுங்கிவிட்டு 'நீங்க' போட வேண்டும். பாதிக் கோபம் அதிலேயே செலவாகிவிடுகிறது.

"என்ன மாப்பிள்ளை, நடக்கக் கத்துக்க வர்ற பிள்ளைங்களை மாடில ஏத்தப் போறீங்களாமே" என்று கேட்டேன்.

"லிஃப்ட் வரும் மாமா" என்றார்.

எப்போது என்றேன். அடுத்த கட்டத்தில் என்றார். அடுத்த கட்டம் எப்போது என்றேன். பேனாவை மூடித் திறந்தார், திறந்து மூடினார். "ஆறு மாசம் ஆகலாம் மாமா. ஒரு வருஷம்னு வெச்சுக்கோங்களேன்" என்றார். பெரியவர்கள் பிரிவு வருமானத்தில்தான் குழந்தைகள் பிரிவு நடக்கும், பெரியவர்கள் முழங்கால் வலியோடு எப்படி மாடி ஏறுவார்கள், நீங்களே சொல்லுங்கள் என்றார். எட்டு மாதமாகப் பெயர் எழுதிவைத்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளின் பட்டியலையும் எடுத்துக் காட்டினார். அதை நானே படித்தேன். மூன்று பக்கம். அவர் கெட்ட மனிதர் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது.

பெரியவர்களால் ஏற முடியாது என்று தெரிகிறதே, பிள்ளைகள் மட்டும் எப்படி ஏறுவார்கள் என்று கேட்டேன்.

அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "குழந்தைங்கதானே மாமா. தூக்கிட்டுப் போயிடலாம்."

தூக்கிக்கொண்டு போய்விடலாமாம். நாலு வருஷம் ஒருத்தி விழுந்து எழுந்து, உதடு கிழிந்து, இனிமேல் என்னை யாரும் தூக்கக் கூடாது என்று நாற்பத்திரண்டு எட்டு நடந்து வந்து சேர்ந்திருக்கிறாள். அவளை வாசலில் வைத்து மூட்டை மாதிரி தூக்கி, மாடியில் இறக்கி, "இப்ப நட பாப்போம்" என்று சொல்லப் போகிறோம். உன் கிளினிக் இதற்காகவா நடக்கிறது?

அவள் அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் சலவைக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை பார்க்கிறது. இடுப்பில் பெல்ட். என்னிடம் சண்டைகூடப் போடவில்லை. "லிஃப்ட் வர்ற வரைக்கும் வீட்லயே பயிற்சி பண்ணிக்கறோம்ங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்து மாட்டிக்கொண்டது. வீட்டிலேயே என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மாதம் விட்டால் அந்தக் கால் மறுபடி கட்டை மாதிரி இறுகிவிடும் என்று எனக்குச் சொன்னவளே நீதான்.

புதன்கிழமை.

இன்று டேப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கத்து இடத்தை அளந்தேன். சாய்தளம் ஒன்று கட்டிவிடலாமா என்று பார்த்தேன். மாடித் தரை பத்தரை அடி உயரம். ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அதற்குக் குறைந்தால் சக்கர நாற்காலி பின்னால் உருளும். ஆக நூற்று இருபத்தாறு அடி. நமக்கு இருப்பது நாற்பது. மூன்றாக மடித்துப் பார்த்தேன், நாலாக மடித்துப் பார்த்தேன். திரும்பும் இடங்களுக்கும் அகலத்துக்கும் சேர்த்துப் பக்கத்து வீட்டுக் குளியலறை வழியாகப் போக வேண்டும் போலிருக்கிறது. சாய்தளம் இல்லை. அந்த யோசனையை விட்டுவிடு.

அளந்துகொண்டிருந்தபோது உள்ளே மேனேஜர் குரல் கேட்டது. அவள் அம்மா கடைசி நாள் என்று கூட்டிவந்திருந்தது. இவள் வாக்கரை ஓரமாக நிறுத்திவிட்டு, புது மாடிப்படியின் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்திருந்தாள். பதினெட்டுப் படி. ஒவ்வொன்றும் ஏழு அங்குலம். நம் பழைய அறையில் அவர்கள் ஏறிப் பழகும் மரப்படி நாலே நாலு, நாலு அங்குல உயரம். அவள் எண்ணிக்கொண்டே ஏறினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. நெற்றியெல்லாம் வியர்வை. தூக்க யாரும் போகவில்லை; போக எங்களுக்குத் தைரியம் இல்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்துகொண்டு, "யாரு இதைக் கட்டினது? கொஞ்சமாவது அறிவு இருக்கா?" என்று கத்தினாள்.

நான்தாம்மா என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, அப்ப நீங்களே உடைச்சிருங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஒன்றும் வந்தது. அவளை உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கவிட்டுக் கூடவே இறங்கினேன்.

ஆமாம், நான்தான் கட்டினேன். நாலு மாதமாக, ஒவ்வொரு படிக்கும் மட்டப்பலகை வைத்து, வளர்ந்த மனிதன் ஏறுவதற்கு வசதியாக, என் கையால் கட்டினேன். மேல் கூரையில் எட்டுக் கொக்கி போட்டேன். எதற்கு என்று இன்ஜினியரைக் கேட்டதற்கு, "மெஷின் மாட்ட" என்றார். இடுப்பு வலிக்காரர்களுக்குப் பெல்ட் கட்டி இழுக்கும் மெஷின் என்று நினைத்துக்கொண்டேன். அவை பிள்ளைகளின் ஊஞ்சலுக்கு என்று இப்போதுதான் தெரிகிறது. பக்கத்து சைக்கிள் கடையை எடுத்து நடுச்சுவரை இடித்தபோது, பிள்ளைகளுக்கு இடம் அகலமாகிறது என்று முதல் அடி நான்தான் அடித்தேன். ஆட்களுக்கெல்லாம் அன்றைக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன், முட்டாள்.

வரைபடத்தை எனக்குக் காட்டவில்லையா என்று நீ கேட்கலாம். காட்டினார்கள். நான் தலையை ஆட்டினேன். நாற்பத்தைந்து வருஷமாக வரைபடத்தைப் பார்த்து நான் செய்தது அது ஒன்றுதான். எழுத்துத் தெரியாத மேஸ்திரிக்குத் தலையை ஆட்டத் தெரிந்திருக்க வேண்டும். எப்போது ஆட்டுவது, எப்போது புருவத்தைச் சுருக்கி "ம்" என்பது, எப்போது "இந்த இடத்துல ஒரு தூண் போட்டா நல்லா இருக்கும்" என்று பொதுவாக ஒன்று சொல்லிவைப்பது, எல்லாம் எனக்கு அத்துப்படி.

வியாழக்கிழமை.

இந்தப் பகுதியை நேற்றே எழுதியிருக்க வேண்டும். மனசு வரவில்லை.

உனக்கு எட்டு வயது இருக்கும்போது பள்ளி விடுமுறையில் எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு வருவாய். சூப்பர்வைசர் வரைபடத்தை விரித்தால் நீ விளையாடுவதுபோலப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாய். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் என் காதோரம், "இது சமையலறைப்பா, பத்துக்குப் பன்னெண்டு. இங்க ஜன்னல்" என்று முணுமுணுப்பாய். யாரும் கண்டுபிடித்ததில்லை. மற்ற நாட்களில் தலையாட்டிச் சமாளித்தேன். நீ வந்த நாட்களில்தான் எனக்கு உண்மையாகவே வரைபடம் தெரிந்தது. நீ படித்துப் பெரிய ஆளான பிறகு நம் முதல் கிளினிக்கைக் கட்டியபோதும் நீதான் படித்துக் காட்டினாய். வாசலில் அரை அங்குலம்கூடத் தடுக்கக் கூடாது என்றாய். கைப்பிடியை எந்த உயரத்தில் வைப்பது என்று கேட்டதற்கு, ஒரு பிள்ளையைக் கூட்டிவந்து சுவரோரம் நிறுத்தி அதன் முழங்கையைக் காட்டினாய்.

இந்தத் தடவை நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், பாய் அறையின் தரையில் இன்ஜினியர் வரைபடத்தை விரித்தார். நீ என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாய். நான் எப்போதும்போல மெதுவாக, "என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்டேன். நீ தரைத்தளத்தின் மேல் விரலை வைத்து, "நாம பேசினதுதான்பா. பிள்ளைங்களுக்குப் பெரிய ஹால்" என்றாய். உன் விரல் எங்கே இருந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மேலே என்ன என்று கேட்டேன். "மேலே அப்புறம் பாத்துக்கலாம்பா" என்றாய். நான் தலையாட்டினேன்.

மாப்பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை. இன்ஜினியர்மேலும் இல்லை. அவர்களுக்கு எனக்குப் படிக்கத் தெரியாது என்பதே தெரியாது. உனக்குத் தெரியும். அன்றைக்கு உலகத்தில் அது தெரிந்திருந்த இரண்டு பேரில் நீ ஒருத்தி. சொன்னால் அப்பா பூச்சுக் கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்தாயா? போட்டிருப்பேன். பெரிய சண்டை நடந்திருக்கும். அதன் பிறகு ஒரு வழி கிடைத்திருக்கும். நம் வீட்டில் சண்டை போடாமல் எந்த வேலை நடந்திருக்கிறது?

இந்த வரியை எழுதும்போது பென்சில் முனை இரண்டு தடவை உடைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை.

உன் அம்மாவைப் பற்றி எழுத வேண்டும். நான் மாப்பிள்ளையோடு பேசிவிட்டு வந்ததிலிருந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். "சம்பந்தி வீட்டுக்கு என்ன முகத்தோட போறது? பொண்ணு அவர்கூடத்தானே வாழணும்?" என்று ஒரே பாட்டு. அவளுக்கு இன்னொரு கவலையும் இருந்தது, சொல்லவில்லை. பெரியவர் பிரிவு திறந்ததும் முதல் ஆளாக அவளுடைய முழங்காலைத்தான் பார்ப்பதாக மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். அதற்குப் புதுச் செருப்புக்கூட வாங்கி வைத்திருக்கிறாள்.

நேற்று மதியம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், மேனேஜரின் அம்மா மறுபடி வந்து பிள்ளையின் பொருள்களைப் பையில் எடுத்து வைப்பதைப் பார்த்தாள். பந்து, கால் பட்டை, குட்டி பெஞ்சின்மேல் போடும் துணி. என்ன ஏது என்று அந்தப் பெண்ணிடம் விசாரித்தாள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் உட்கார எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும். உட்கார்ந்துவிட்டு, "என் முழங்கால் பத்து வருஷமா வலிக்குது. இன்னும் ஒரு வருஷம் வலிச்சா கழண்டா விழுந்துடும்? முழங்காலுங்க காத்திருக்கட்டும். லிஃப்ட் வந்தப்புறம் நாங்க மேல ஏறிக்கறோம். போய்ச் சொல்லுங்க உங்க மாப்பிள்ளைகிட்ட. இல்ல, இருங்க, நானே சொல்றேன்" என்று, உட்காரப் பட்ட கஷ்டத்தையெல்லாம் மறுபடி பட்டு எழுந்தாள்.

மாடிக்கு ஏற்றி வைத்திருந்த பாய்களை நான் ஒவ்வொன்றாக எடுத்துவந்து, சைக்கிள் கடையாக இருந்த பக்கத்தில் விரிக்க ஆரம்பித்தேன். பதினோரு பாய். உன் அம்மா படியின் அடியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாவது பாய்க்கு மாப்பிள்ளை வந்துவிட்டார். நான் பாயை விரித்துக்கொண்டே இருந்தேன். அவள்தான் பேசினாள். கேட்டு முடித்துவிட்டு அவர் அடுத்த பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அத்தை, முடிவு எடுத்தது அவ. நான் மாத்தினா வந்து என்னைக் கேப்பா. அவ ஒரு வரி எழுதிக் குடுத்தா நான் நாளைக்கே மாத்திடறேன்." பலகைக்காரரும் அதையேதான் சொல்கிறார். எழுத்தில் கொடுத்தால் மாற்றித் தருவாராம்.

உனக்கு அவர் போன் செய்திருக்கிறார். "அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்" என்று நீ சொன்னாயாம். நாலு நாள் ஆகிறது. போன் அடிக்கும்போதெல்லாம் அம்மா என் முகத்தைப் பார்க்கிறாள்.

நீ ஏன் அப்படி முடிவு எடுத்தாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. அந்த மூன்று பக்கப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் உனக்கு முகம் தெரியும். எப்படியாவது திறந்துவிட வேண்டும் என்று நினைத்திருப்பாய். பட்டியலில் இருக்கும் பிள்ளைகளில் படி ஏறத் தெரிந்த பிள்ளை எத்தனை என்று மட்டும் நீ எண்ணிப் பார்க்கவில்லை. நான் டீச்சரிடம் கேட்டு எண்ணினேன். நாலு.

திறப்பு அடுத்த மாதம் முதல் தேதி. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. மாடிக் கைப்பிடி வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன். வேறு ஆளை வைத்து முடித்துக்கொள்கிறேன் என்று இன்ஜினியர் சொல்கிறார். முடிக்கட்டும். அவர் முடிக்கும்வரை நான் கீழே பாயில்தான் உட்கார்ந்திருப்பேன். மேனேஜரின் அம்மாவிடம் இந்த மூன்று வாரத்துக்கு மட்டும் பிள்ளையை நிறுத்தாதே என்று கேட்டுக்கொண்டேன். பையிலிருந்து பந்தை மட்டும் எடுத்து வெளியே வைத்துவிட்டுப் போயிருக்கிறது. மற்றதெல்லாம் பையிலேயே இருக்கிறது.

நீ எழுத வேண்டியது ஒரே வரி: லிஃப்ட் வரும்வரை பிள்ளைகள் கீழே. போனில் சொல்லாதே. மாப்பிள்ளைக்கு அனுப்பாதே. என் பெயருக்கு அனுப்பு. தபால்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் நானே பிரித்து நானே படிப்பேன். இனிமேல் எனக்கு எதையும் யாரும் படித்துக்காட்ட வேண்டியதில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அங்கே குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு போ. நீ வைக்கிற காலெல்லாம் தரையில் உறுதியாக நிற்கட்டும் என்று உன் அம்மா சொல்லச் சொன்னாள். நானும் அதையேதான் சொல்கிறேன், கோபத்தோடுதான் சொல்கிறேன்.

பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன். அதற்கு அடுத்த வாரமும் எழுதுவேன். பென்சில் ஒரு டஜன் வாங்கியாகிவிட்டது.

இப்படிக்கு,
உன்மேல் கோபமாக இருக்கும், உன்னுடைய
அப்பா